முத்தலிபின் முற்றத்துக்கு ஒரு லென்ஸ்

ஏறாவூர்
12.01.2025

அன்பு மகன் ஜிப்ரிக்கு, வாப்பா அசனார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், எனக்கு உம்மா. வேறு குறை இல்லை. உன் இருமல் நின்றதா?

இந்தக் கடிதத்தை உனக்கு முதல் வாசிக்கிற ஐயாவுக்கும் என் ஸலாம். ஐயா, நீங்கள் அந்த மேசைக்குப் புதியவரென்றால் குழம்பக் கூடாது என்று சொல்கிறேன். நான் ஏறாவூரில் ஓட்டோ ஓட்டுகிறவன். என் மகன் கல்யாணப் படம் எடுக்கிறவன். எடுத்த கல்யாணம் ஒன்றில் புரியாணி சாப்பிட்டுவிட்டுப் போன ஓர் ஆளைப் பிறகு தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. படம் கிடைத்தது, படம் எடுத்தவனும் கிடைத்தான். ஒன்றரை வருசமாக உங்களிடம் கொழும்பில் இருக்கிறான். வழக்குக்குத் தவணைக்கு மேல் தவணை.

இனி உனக்குச் சங்கதி. உன் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கமராவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மெமரி கார்ட் போடாத கமரா என்பதால் அதனிடம் விசாரிக்க ஒன்றும் இல்லையாம். ஆனால் உடம்பு வந்தது, கண் வரவில்லை. லென்ஸைக் கழற்றி வேறு பையில் போட்டு வேறு இலக்கம் ஒட்டிவிட்டார்களாம். வழக்கு முடிந்தால்தான் அது வரும்.

உன் மகள் இர்ஷானா நடக்கத் தொடங்கிவிட்டாள். நீ உள்ளே போன பிறகு பிறந்த பிள்ளை, நீ காணவே இல்லை. நான் அனுப்பிய படங்களும் திரும்பி வந்துவிட்டன. அங்கே படம் உள்ளே விடமாட்டார்களாம். போனில் எடுத்து வைப்போம் என்றால் உன் பெண்சாதி பர்ஸானா வீட்டில் போனைக் கண்டாலே எல்லாரும் முகத்தைத் திருப்புகிறார்கள். அலுமாரி திறந்து போன்களையும் கம்ப்யூட்டரையும் அள்ளிக்கொண்டு போன வீடு அல்லவா. பிலிம் கமரா என்று சொன்னேன். உன் மாமனார் முத்தலிப், "பிலிமெண்டா பரவாயில்ல சம்பந்தி, அது எங்கயும் போகாது" என்றார்.

ஆகவே லென்ஸ் ஒன்று வேண்டும். மட்டக்களப்பில் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் போட்டோக் கொப்பி அடிக்கிற வினாயகமூர்த்தி அண்ணரின் அலுமாரியில் சில இருக்கின்றன. எதை எடுக்க? லென்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது என் மூக்குக்கண்ணாடி ஒன்றுதான்.

துஆவுடன்,
வாப்பா

*

கொழும்பு
02.02.2025

அன்புள்ள வாப்பாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். இருமல் குறைந்திருக்கிறது. உம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

கமரா வந்ததை அறிந்து அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். பிலிமை எங்கும் கழுவக் கொடுக்க வேண்டாம். எடுத்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நான் வந்து கழுவுவேன். அவள் வளர்ந்ததை ஒரே நாளில் வரிசையாகப் பார்ப்பேன்.

லென்ஸ் விசயம். 35 என்று எழுதியிருந்தால் கிட்டப் போய் எடுப்பது. பிள்ளையோடு பாயும், பக்கத்தில் இருப்பவரின் கையும் சேர்ந்து வரும். 50 கொஞ்சம் தள்ளி நின்று எடுப்பது. 90 முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று முகத்தை மட்டும் எடுப்பது. நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள் என்று தெரிந்தால்தான் நான் சொல்லலாம். அவள் எங்கே விளையாடுகிறாள், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது, நிற்க எங்கே இடம் என்று அளந்து எழுதுங்கள்.

பர்ஸானா கடிதம் எழுதுவதில்லை. அதைக் கேட்க வேண்டாம். சுகமா என்று மட்டும் பாருங்கள்.

ஜிப்ரி

*

ஏறாவூர்
16.02.2025

என் கண்ணான மகனுக்கு ஸலாம். வாசிக்கும் ஐயாவுக்கும் ஸலாம். எல்லாரும் சுகம்.

நீ சொன்னதைச் செய்தேன். செய்ததில் உன் மாமனாரின் ஊர் ஓட்டமாவடி முழுக்கச் சிரித்தது. பெண்பிள்ளைக்குக் கொடுத்த வீடு, நீ போய்க் குடியேறின வீடு, அங்கே நான் விருந்தாளி. விருந்தாளி தேநீர் குடித்துவிட்டு வரலாம். நிலத்தில் முட்டுக்காலில் இருந்து அளவு நாடா பிடிக்கலாமா? உன் மாமனார் மரக்கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, எனக்குத் தெரியாம வீட்ட விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "லென்ஸ் வாங்கப் போறன்" என்றேன். "அதுக்கு என்ட வாசப்படிய ஏங்கா அளக்கிறீங்க?" என்று கேட்டு அவரும் நாடாவின் மறு நுனியைப் பிடித்தார். நல்ல மனிசன்.

இர்ஷானாவுக்கு நாடாதான் பெரிய விளையாட்டு. அவள் இழுத்த இழுப்பில் விறாந்தை ஒருமுறை ஆறு அடி, ஒருமுறை ஒன்பது அடி. கடைசியில் ஆறு என்று வைத்துக்கொண்டேன். கேற்றிலிருந்து ஊஞ்சலுக்குப் பதினெட்டு. பின்பக்கம் குசினிக் கதவிலிருந்து ஆற்றங்கரை வேலிக்கு நாற்பது. நீ தெளிவாக விளங்க வேண்டும் என்று வீட்டின் படம் ஒன்று கீறி, கதவுகள், கேற், யார் எந்த அறையில் படுக்கிறார்கள், காலை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில் என்று அம்புக்குறி போட்டு இந்தத் தாளிலேயே வைத்திருக்கிறேன். ஓ.எல். சோதனையில் சித்திரப் பாடத்துக்கு எனக்கு வந்தது எஃப். இந்தப் படத்துக்கு ஏ கொடுத்திருப்பார்கள்.

பர்ஸானா சுகம். மெலிந்திருக்கிறாள். "அவர் வந்து எடுக்கட்டும் எண்டுதான் மாமா இரிந்தன். செரி, நீங்க எடுங்க" என்றாள்.

கெதியாகப் பதில் போடு. பிள்ளை நின்று வளர மாட்டாள்.

வாப்பா

*

ஏறாவூர்
06.04.2025

மகனுக்கு ஸலாம். நோன்பும் முடிந்தது, பெருநாளும் முடிந்தது, உன் பதில்தான் இன்னும் வரவில்லை. உம்மா பெருநாளுக்குக் கிண்டிய தொதலில் உன் பங்கை எடுத்து வைத்து, பிறகு அழுது, பிறகு எனக்குத் தந்தா. நான் அழாமல் சாப்பிட்டேன்.

இடையில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். நம் இருவரின் கடிதங்களின் பிரதியும் கையில். "முப்பத்தஞ்சு, ஐம்பது, தொண்ணூறு எண்டா என்ன? பதினெட்டு அடி ஆருக்கு? இந்த அம்புக்குறி என்ன?" என்று கேட்டார்கள். நான் கமராவைக் கொண்டுவந்து காட்டினேன். லென்ஸ் இல்லாத கமராவை வைத்துக்கொண்டு லென்ஸைப் பற்றி விளங்கப்படுத்துவது, மாடு இல்லாமல் பால் விற்கிற மாதிரி. நான் பேசப் பேச எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். வேறொன்றும் இல்லை. யோசிக்காதே.

வாசிக்கும் ஐயா, இனி அடிக்கணக்கு எழுத மாட்டேன். படமும் கீற மாட்டேன்.

மகன், ஒன்று கேட்கிறேன். தொண்ணூறுக்கு மேலே லென்ஸ் இல்லையா? இன்னும் எட்ட நின்று எடுக்கிற மாதிரி? சும்மா ஒரு விருப்பம்.

வாப்பா

*

கொழும்பு
11.05.2025

அன்புள்ள வாப்பாவுக்கு, ஸலாம். இருமல் இல்லை. தூக்கம்தான் குறைவு.

உங்கள் பெப்ரவரிக் கடிதமும் ஏப்ரல் கடிதமும் ஒரே நாளில் கையில் கிடைத்தன. நீங்கள் கீறிய வீடு வரவில்லை. அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். தாளைத் தூக்கிப் பிடித்தால் அதற்குள்ளால் எதிர்ச் சுவர் தெரிகிறது.

அளக்கச் சொன்னது நான். நீங்கள் ஒன்றையும் மனதில் வைக்க வேண்டாம்.

விறாந்தை ஆறு அடி என்றால் 35 எடுங்கள். சம்மாணம் கொட்டி நிலத்தில் இருங்கள், அவளுடைய உயரத்துக்கு. அவள் கமராவைப் பிடிக்க வருவாள். வரட்டும், அப்போது எடுங்கள்.

90க்கு மேலே 135 இருக்கிறது. அது மேடையில் நிற்பவர்களை மண்டபத்தின் கடைசியிலிருந்து எடுப்பதற்கு. மடியில் ஏறி விளையாடுகிற பிள்ளைக்கு அது எதற்கு? ரேஞ்ச்ஃபைண்டரில் அதைப் பாவிப்பதும் கஷ்டம். கூர்மை தவறும்.

வழக்கு செப்டெம்பருக்குத் தவணை.

ஜிப்ரி

*

ஏறாவூர்
08.06.2025

மகனுக்கு ஸலாம். நாங்கள் சுகம். ஐயாவும் வீட்டாரும் சுகமாயிருக்க துஆ.

வினாயகமூர்த்தி அண்ணரிடம் 35 இல்லை. "எல்லாரும் கிட்டப் போய்த்தான் எடுக்கிறாங்க அசனார், அது வந்த உடனே போயிரும். 135 ஆருக்கும் வேணாம், கொண்டு போய் எடுத்துப் பாருங்க, சரிவராட்டி கொண்டாங்க" என்று தந்தார். ஆகவே 135 என்னிடம் இருக்கிறது. நான் தெரிந்தெடுக்கவில்லை, அது என்னைத் தெரிந்தெடுத்தது என்று வைத்துக்கொள்.

அத்துடன் நான் மீன் பிடிக்கத் தொடங்கிவிட்டேன். சிரிக்காதே. ஓட்டோ ஓடாத நாளில் ஓட்டமாவடி மஜீட்டின் தோணியில் போகிறேன். அவர் வலை போடுகிறார், நான் தூண்டில். இதுவரை ஒரே ஒரு செல்வன் மீன் மாட்டியது. அதுவும் என் தூண்டிலைத் தற்செயலாகக் கடித்துவிட்டு வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

தோணியிலிருந்து கமராவையும் பழகிப் பார்க்கிறேன். ஒரு விசயம் எனக்கு விளங்கவில்லை. கொழும்பாரின் கமராக்களில் பெரிய லென்ஸ் போட்டால் கண்ணுக்குக் கிட்ட வரும் அல்லவா? இதில் வரவே இல்லை. ஆறு, கண்டல் மரம், வேலி, கொடியில் காயும் உடுப்பு, எல்லாம் இருந்த மாதிரியே இருக்கிறது. நடுவில் நெருப்புப்பெட்டியளவு கோட்டுக் கட்டம் ஒன்று. அதற்குள் எறும்பளவாகப் பிள்ளை. சுற்றி வர இருக்கிற ஊர் முழுக்கத் தெரிகிறது, அது எதுவும் படத்தில் வராதாம். பேப்பரிலாவது கிட்ட வருமா?

தோணி ஆடுகிறது. கோட்டுக்குள் பிள்ளை நிற்கிறாள் என்று அமத்தினால் அவள் கோழிக்குப் பின்னால் போய்விட்டாள். கோழியின் நல்ல படங்கள் பல உனக்காகக் குளிர்சாதனப் பெட்டியில், உம்மாவின் இஞ்சி உள்ளிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

வாப்பா

*

கொழும்பு
29.06.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். சுகம்.

என் மகளைப் படம் எடுக்க ஏன் தோணி வேண்டும்?

பர்ஸானாவின் வீட்டுக்குள் உங்களை விடுகிறார்களா இல்லையா? பகிடி வேண்டாம் வாப்பா. ஓம் அல்லது இல்லை.

ஜிப்ரி

*

ஏறாவூர்
13.07.2025

என்ட செல்ல மகனுக்கு உம்மா கைறுன்னிஸா எழுதிறது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வாப்பா வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மூன்று முறை பேனை எடுத்தார், மூன்று முறையும் கடைக்குப் போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

இல்லை மகன். விடுவதில்லை.

இங்கே வந்தவர்கள் நேரே ஓட்டமாவடிக்கும் போனார்கள். வாப்பா கீறின படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டை மறுகா அளந்தார்கள். அம்புக்குறி போட்ட இடமெல்லாம் நின்று பார்த்தார்கள். பர்ஸானாவை அறைக்குள் இருத்தி, யார் எங்கே படுக்கிறது என்று ஏன் உள்ளே இருப்பவனுக்கு வாப்பா எழுதினார் என்று கேட்டார்கள். பிள்ளை வீரிட்டு அழுததாம். முத்தலிப் பள்ளிவாசலடியில் வாப்பாவைக் கண்டு, "சம்பந்தி, நான் உங்களக் குத்தம் செல்லல்ல. ஆனா இனி வராதீங்க. என்ட வீடு தாங்காது" என்றாராம். சொல்லிவிட்டு வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தோணி. ஆற்றில் இருந்தால் அவர்களுடைய பின்முற்றம் தெரியும். வெயிலுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு, தூண்டிலை ஒரு கையில், கமராவை மறு கையில். மீன் பிடிக்கிறவருக்கு நீச்சலும் தெரியாது. போன கிழமை பர்ஸானாவின் தம்பி ஷாமில் கண்டுவிட்டான். கரையில் நின்று, "இன்னொருக்கா கமராவோட கண்டா நானே பொலிசுக்குச் செல்லுவன்" என்று கத்தினான். வாப்பா வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு மீன் கடிக்கல்ல" என்றார். சோறு வேண்டாம் என்றார்.

பர்ஸானா பிரிவு கேட்டுக் காதியாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது உனக்கு வரும். அவளைக் கோபிக்காதே மகன். அவளுக்கு இருபத்து நாலு வயது.

உன்னைச் சுமந்த,
உம்மா

*

கொழும்பு
17.08.2025

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஸலாம். உடம்பு சுகம்.

காதியாரின் கடிதம் வந்தது. நான் மறுக்கவில்லை, கையெழுத்து வைத்தேன். அவள் என் பெயரோடு இருக்கும்வரை அந்த வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்.

வாப்பா, 135ஐத் திருப்பிக் கொடுங்கள். என்னிடம் இங்கே முதல் மாதம் முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி: தெரியாத ஆளை அவருக்குத் தெரியாமல் எதற்காக எடுத்தாய், யாருக்காக எடுத்தாய்? அதே கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். தோணியில் இருந்து ஒரு வீட்டின் பின்முற்றத்தை எடுத்த பிலிமுக்கு நீங்கள் சொல்லப்போகிற பதிலை அவர்கள் நம்ப மாட்டார்கள். எடுத்த பிலிமை வெளியே இழுத்து வெயில் காட்டுங்கள். ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள்.

நான் வந்து கழுவுவேன் என்று எழுதியதையும் விடுங்கள்.

எப்போதாவது பக்கத்தில் போகக் கிடைத்தால், அவளும் பர்ஸானாவும் சம்மதித்தால், 35ஆல் ஒன்று எடுங்கள். கிடைக்காவிட்டால் வேண்டாம். எட்டத்தால் எடுத்த பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜிப்ரி

*

ஏறாவூர்
09.11.2025

அன்பு மகன் ஜிப்ரிக்கு, வாப்பா எழுதுவது. ஸலாம். உம்மாவும் நானும் இருக்கிறோம். செப்டெம்பர் தவணை மார்ச்சுக்குப் போனது என்று லோயர் சொன்னார். நீ சாப்பிடுகிறாயா?

நீ சொன்னபடி 135ஐக் கொடுத்துவிட்டேன். பிலிமையும் முற்றத்தில் வைத்து இழுத்தேன். அவ்வளவு கோழியும் வெறும் நாடாவாக வந்தது. 35க்குச் சொல்லி வைத்திருந்தேன். அண்ணரின் மருமகன் ஜெயரூபன் கொழும்பிலிருந்து கொண்டுவருவான் என்றார்கள். இந்த மாதம், அடுத்த மாதம் என்று போய்க்கொண்டிருக்கிறது.

போன வியாழன் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். வாசலில் ஓட்டோ ஒன்று. என் ஓட்டோ இல்லை. பர்ஸானா பிள்ளையோடு இறங்கினாள். முத்தலிப்தான் ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஷாமில் கட்டாரில் ஒரு வேலை எடுத்திருக்கிறான், அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறான். ஞாயிறு விமானம். அதாவது இன்றைக்கு. நான் இதை எழுதும்போது அவர்கள் மேலே இருப்பார்கள்.

உம்மா இர்ஷானாவைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. பர்ஸானா கதிரையின் நுனியில் இருந்தாள். "மாமா" என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். அந்தச் சொல்லுக்குக் காதியார் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லைப் போலும்.

"கமரா இரிக்கா மாமா? அவருக்கு ஒரு படம் எடுத்து வெச்சிருங்க. கிட்ட வெச்சு எடுங்க."

பக்கத்து வீட்டில் போன் வாங்கி வரவா என்று கேட்டேன். "போன் வேணாம். அதால பட்டது போதும்."

நான் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். கமராவில் லென்ஸ் இல்லை, பிலிமும் இல்லை. முன்னால் வட்டமாக ஓர் ஓட்டை. சட்டை நுனியால் தூசியைத் துடைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டு வந்தேன். பாயைப் போட்டு, நீ சொன்ன மாதிரி சம்மாணம் கொட்டி நிலத்தில் இருந்தேன். முழங்கால் முறிகிற சத்தம் உம்மாவுக்கும் கேட்டது.

பர்ஸானா ஓட்டையைப் பார்த்தாள். உன் லென்ஸ்களைத் துடைத்துத் துடைத்து வைத்த பிள்ளை, அவளுக்குத் தெரியாதா? முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். சட்டைப் பொத்தானைப் பூட்டினாள்.

"மகள், இஞ்ச பாருங்க. மூத்தாப்பா படம் எடுக்கிறார். வாப்பாக்கு."

மகன், இந்தக் கமராவில் பார்க்கிற சன்னல் வேறு, லென்ஸ் வேறு. லென்ஸ் இல்லாவிட்டாலும் சன்னலில் எல்லாம் தெளிவாகத் தெரியும். பிள்ளை அதற்குள் நிறைந்து நின்றாள். எறும்பளவு இல்லை. உன் காது. உன் உம்மாவின் நாடி. கீழ்ப்பல் இரண்டுக்கும் நடுவில் நெல் போகிற இடைவெளி. இடது புருவத்தில் சின்னத் தழும்பு, ஊஞ்சலில் விழுந்ததாம். சிரிக்கும்போது ஒரு கண் மற்றதைவிட முதல் மூடுகிறது. எழுதத் தெரிந்தவன் இன்னும் எழுதுவான். எனக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

அமத்தினேன். கிளிக் என்றது.

அவள் என் மடிக்கு வந்து, ஓட்டைக்குள் விரலை விடாமல், கமராவின் தலையில் தட்டி, "இன்னொண்டு" என்றாள்.

இன்னொன்றும் எடுத்தேன்.

உன்,
வாப்பா